முழு நாள் ஸ்கீ டூரிங்: சாப்பாட்டுக்கு என்ன எடுத்துக்கொள்வது, பையில் எப்படி வைப்பது?

பனித்தடம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை அரைநாள் ஸ்கீ டூர்கள்தான் (லிஃப்ட் இல்லாமல் ஸ்கீயோடு மலையேறி, பனியில் சறுக்கி இறங்குவது) போயிருக்கிறேன். விடிந்ததும் ஏறி, மதியத்துக்குள் வண்டிக்குத் திரும்பிவிடுவோம். வரும் சனிக்கிழமை முதல் தடவையாக முழு நாள். மொத்த ஏற்றம் 1300 மீட்டர். காலை ஆறரைக்குக் கிளம்பி பிற்பகல் மூன்றுக்குள் திரும்புவதாகத் திட்டம். நாங்கள் நான்கு பேர். வானிலை அறிக்கையில் கீழே மைனஸ் 5, முகட்டில் மைனஸ் 14, காற்றும் உண்டு என்று போட்டிருக்கிறார்கள்.

பீக்கன் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவரும் உடம்பில் கட்டும் ரேடியோ கருவி), புரோப் (பனியைக் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல் (பனி தோண்டும் மண்வாரி) எல்லாம் சரிபார்த்தாயிற்று. பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பும் நால்வருமே முடித்திருக்கிறோம். எனக்குப் புரியாதது சாப்பாடுதான். அரைநாளுக்குக் காலைச் சாப்பாடே தாங்கும், நடுவில் ஒரு எனர்ஜி பார் போதும். அந்தப் பாரே குளிரில் விறைத்துப்போகிறது. வாயில் கொஞ்ச நேரம் அதக்கி வைத்திருந்தால்தான் கடிக்க முடிகிறது. முழு நாளை அப்படி ஓட்ட முடியாது.

குழுவில் ஆளுக்கொரு யோசனை. ஒருவர் எனர்ஜி ஜெல் பாக்கெட்டுகள் மட்டும் போதும் என்கிறார். இன்னொருவர் சின்ன கேஸ் அடுப்பு கொண்டுவருகிறேன், உச்சியில் சூடாக நூடுல்ஸ் செய்யலாம் என்கிறார். மூன்றாமவர் எப்போதும் ரொட்டியும் சீஸும்தான், வேறு பேச்சே கிடையாது.

எவ்வளவு சாப்பாடு வேண்டும்? குளிரில் கல்லாகாமல் இருப்பது எது? பையில் எங்கே வைப்பது? தண்ணீர் உறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. பால், முட்டை பரவாயில்லை. முதுகுப்பை 30 லிட்டர், அதில் அதிகம் இடம் மிச்சமில்லை.


வெண்முகடு எழுதியது:

தம்பி, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது, வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

முதலில், 'மதியச் சாப்பாடு' என்ற நினைப்பையே விட்டுவிடுங்கள். ஸ்கீ டூரில் அப்படி ஒரு வேளை கிடையாது. கிளம்பிய முக்கால் மணி நேரத்தில் முதல் வாய் உள்ளே போக வேண்டும். அதிலிருந்து வண்டிக்குத் திரும்பும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. உடம்பு கிளைக்கோஜனாக, அதாவது சர்க்கரைச் சேமிப்பாக, வைத்திருக்கும் கையிருப்பு ஏறத்தாழ 2000 கிலோ கலோரி. பையைச் சுமந்துகொண்டு பனியில் ஏறும்போது மணிக்கு 500, 600 எளிதாகக் கரையும். கொழுப்பும் சேர்ந்து எரிவதால் உடனே காலியாகிவிடாது என்பது சரிதான். ஆனால் மதியம்வரை ஒன்றும் தின்னாமல் ஏறினால், உச்சியில் ஸ்கின்னை (ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டை) கழற்றும் நேரத்தில் கையிருப்பு அடிமட்டத்தில் இருக்கும். டூரில் கவனம் அதிகம் தேவைப்படும் பகுதி அப்போதுதான் ஆரம்பிக்கிறது. தொடை நடுங்கும், திருப்பங்கள் தாமதமாகும். எந்தச் சரிவில் இறங்கலாம், எதை விடலாம் என்று முடிவெடுக்கும் மூளையும் அதே சர்க்கரையை நம்பித்தான் இருக்கிறது. குளிரில் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்குவதற்கும் அதேதான் எரிபொருள்.

பசிக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். குளிரும் உயரமும் பசியையும் தாகத்தையும் அமுக்கிவிடும். கைக்கடிகாரத்தில் 45 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வையுங்கள். அடித்தால் இரண்டு வாய் சாப்பாடு, இரண்டு மடக்குத் தண்ணீர். நால்வரும் ஒன்றாகச் செய்தால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

அளவு கேட்டீர்கள். நீண்ட நேர உழைப்புக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் கார்போஹைட்ரேட் என்பது பொதுவான கணக்கு. பெரிய பேரீச்சம்பழம் மூன்று தின்றால் 50 கிராமை ஒட்டி வந்துவிடும். உங்கள் நாள் எட்டரை மணி நேரம். மணிக்கு 200 கிலோ கலோரி என்று வைத்தால் 1700. அதற்கு மேல் தொடாத ரிசர்வ் ஒரு 600. செலவாகும் மொத்தத்தையும் மலையிலேயே ஈடுகட்ட முடியாது, அதற்கு முயலவும் வேண்டாம். முந்தின இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் பாதியைச் சுமக்கும்.

இப்போது கல்லாகும் பிரச்சினை. இதற்கு ஒரு சோதனை இருக்கிறது, எல்லோரும் செய்ய வேண்டும் என்பேன். வீட்டு ஃப்ரீசர் சாதாரணமாக மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். உங்கள் முகட்டைவிடக் குளிர். எடுத்துப்போக நினைப்பதையெல்லாம் இன்றிரவு, எந்தப் பையில் கட்டுவீர்களோ அதே பையோடு ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் ஸ்கீ கையுறையைப் போட்டுக்கொண்டு பையைத் திறந்து, ஒன்றொன்றாகக் கடித்துப் பாருங்கள். எதைத் திறக்க முடியவில்லை, எது பல்லைப் பெயர்க்கும், எது உதிர்ந்து கொட்டும் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான் கண்டதைச் சொல்கிறேன். காரமெல் மாதிரி இழுபடும் பார்கள்தான் மோசம், அவற்றைக் கடிக்கவே வேண்டாம். சாக்லேட் இறுகும், ஆனால் சின்னத் துண்டாக உடைத்து வைத்திருந்தால் வாயில் கரையும். என்ன, சுவை கொஞ்சம் மட்டுதான். வெண்ணெய் அதிகம் போட்ட பிஸ்கட் மைனஸ் 18-இலும் மொறுமொறுவென்று உடையும். பேரீச்சம்பழம் கெட்டிப்படும், உறையாது. வறுத்த கடலைக்கும் பாதாமுக்கும் குளிர் ஒரு பொருட்டே இல்லை. ஜெல் பசை மாதிரி ஆகி வெளியே வர மறுக்கும். தக்காளி, வெள்ளரி, கீரை வைத்த சாண்ட்விச் வேண்டவே வேண்டாம். நீர் உள்ள எதுவும் பனிக்கட்டி ஆகிவிடும். வாழைப்பழமும் அப்படித்தான்.

என் பையில் எப்போதும் இருப்பது இது. மெல்லிய, மடங்கக்கூடிய ரொட்டியில் நிலக்கடலை வெண்ணெயைக் கெட்டியாகத் தடவி, மேலே தேன், துளி உப்பு. இறுக்கிச் சுருட்டிக் கட்டைவிரல் நீளத்துக்கு வெட்டிவிடுவேன். ஒரு துண்டு ஒரு வாய். ரொட்டி கடலை வெண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், தேன் அதற்குள் ஊறிவிடும், கையில் ஒட்டாது. அப்புறம் சின்ன உருளைக்கிழங்கைத் தோலோடு உப்பு அதிகம் போட்டு வேகவைத்து, வடித்து, சூட்டோடு சூடாக ஜிப் பையில் போட்டு ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில் வைத்துக்கொள்வேன். முதல் ஒரு மணி நேரம் நெஞ்சுக்குச் சூடு, அதற்கப்புறம் வாய்க்கு. வியர்வையில் போகும் உப்பும் திரும்பக் கிடைக்கிறது. காலை பத்து மணிக்கு இனிப்பு திகட்டத் தொடங்கும்போது அந்த உருளைக்கிழங்கின் அருமை புரியும். கெட்டியான சீஸைத் தாயக்கட்டை அளவுக்கு வெட்டிப் போட்டுக்கொண்டால் அதுவும் உப்புக்குத் துணை. உச்சியில் கத்தியை எடுத்து எதையும் வெட்டும் நிலையில் கைகள் இருக்காது. வெட்டும் வேலை முழுவதையும் சமையலறையிலேயே முடித்துவிடுங்கள்.

கடலை, சீஸ் போன்ற கொழுப்பு உள்ளவற்றைச் செங்குத்தான ஏற்றத்துக்குச் சற்று முன் நிறையத் தின்னாதீர்கள், செரிக்க நேரம் எடுக்கும். ஏறும்போது இனிப்பும் மாவும். உச்சியிலும் இறங்கும் வழியிலும் கொழுப்பு.

வைக்கும் இடம் மூன்று. அடுத்த இரண்டு மணி நேரத்துக்கானது ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில். பையின் இடுப்புப் பட்டையில் இருக்கும் சின்னப் பாக்கெட்டில் கடலை, பிஸ்கட் மாதிரி குளிருக்கு அஞ்சாதவை. மீதி முதுகுப்பைக்குள் டவுன் ஜாக்கெட்டில் (இறகு அடைத்த ஜாக்கெட்) சுற்றி. ஒவ்வொரு பெரிய நிறுத்தத்திலும் உள்ளே இருப்பதை எடுத்து உள்பாக்கெட்டை நிரப்புங்கள்.

இதில் இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஒன்று, ஷவல், புரோப் வைக்கும் அறையில் சாப்பாட்டைத் திணிக்கக் கூடாது. இடம் காலியாக இருப்பது போலத் தெரியும். ஆனால் ஒருவர் புதைந்துவிட்ட நேரத்தில் ரொட்டிப் பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு ஷவலைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு, பீக்கன் பக்கம் அலுமினியத் தாளில் சுற்றிய சாப்பாடோ, காந்தப் பூட்டு உள்ள பையோ, கைபேசியோ வேண்டாம். பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. மின்சாதனம், காந்தம், உலோகம் எல்லாம் அதைக் குழப்பக்கூடியவை. அனுப்பும் நிலையில் 20 சென்டிமீட்டர், தேடும் நிலையில் 50 சென்டிமீட்டர் இடைவெளி என்பது வழக்கமான விதி. பீக்கன் இடப்பக்கம் என்றால் சாப்பாடு வலப்பக்கம், அதுவும் பிளாஸ்டிக் ஜிப் பையில். பிதுக்கி மூடும் வகையைவிட இழுத்து மூடும் சின்ன ஸ்லைடர் வைத்த பை நல்லது, கையுறையைக் கழற்றாமல் திறக்கலாம்.

ஸ்கின்னை ஜாக்கெட்டுக்குள் வைக்கும் பழக்கம் இருந்தால் அதே பக்கத்தில் சாப்பாடு வேண்டாம். பசையில் ரொட்டித் துகள் ஒட்டினால் அடுத்த ஏற்றத்தில் ஸ்கின் பிடிக்காது.

தண்ணீர்: ஒன்றரை லிட்டர் தண்ணீரும் அரை லிட்டர் ஃபிளாஸ்க்கும் உங்களுக்குப் போதும். அகன்ற வாய் பாட்டிலில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, தலைகீழாகப் பைக்குள் நிறுத்துங்கள். பனிக்கட்டி மேலேதான் முதலில் படியும். பாட்டில் தலைகீழாக இருந்தால் மூடி உறையாது. குழாய் வைத்த நீர்ப்பை இந்தக் குளிருக்குச் சரிப்படாது. வைத்தே தீருவேன் என்றால் ஒவ்வொரு தடவை குடித்ததும் குழாய்க்குள் ஊதி, நீரைப் பைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். சர்க்கரை போட்டால் உறையாது என்று சிலர் சொல்வார்கள். லிட்டருக்கு 60 கிராம் போட்டாலும் உறைநிலை அரை டிகிரிகூட இறங்காது. சர்க்கரை போடுங்கள், ஆனால் சக்திக்காகப் போடுங்கள்.


ஊசியிலை எழுதியது:

வெண்முகடு அக்கா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. நாள் முழுக்கக் கொறிப்பது உடம்புக்குப் போதும், குழுவுக்குப் போதாது. நடுவில் ஒரு தடவை, கால் மணி நேரம், எல்லோரும் உட்கார்ந்து சூடாக ஏதாவது குடிக்க வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில்தான் யார் பேசாமல் இருக்கிறார், யாருடைய விரல் வெளுத்திருக்கிறது, யாருக்கு இறங்கினால் போதும் என்றிருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படும். ஏறும்போது ஒருவர் பின் ஒருவராக வரிசையில் போகிறோம். முன்னால் போகிறவருக்குப் பின்னால் வருகிறவரின் முகம் தெரியாது.

அடுப்பு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சாதாரண பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 அளவில். புரோப்பேன் கலந்த குளிர்காலச் சிலிண்டர் வேலை செய்யும். ஆனால் காற்றடிக்கும் முகட்டில் நான்கு பேருக்குப் பனியை உருக்கி நூடுல்ஸ் செய்வது நெடுநேர வேலை. புதிதாக விழுந்த பனி ஒரு லிட்டர் உருக்கினால் 100 மில்லி நீர்கூடக் கிடைக்காது. அவ்வளவு நேரம் அசையாமல் நின்றால் வியர்வை ஈரம் முதுகில் பனியாகும். பல நாள் டூருக்கு அடுப்பு சரி. ஒரு நாளுக்கு ஃபிளாஸ்க்தான்.

அகன்ற வாய் உணவு ஃபிளாஸ்க்கில் கெட்டியான பருப்பு சூப் கொண்டுபோகிறேன். காலையில் ஃபிளாஸ்க்கில் முதலில் கொதிநீரை ஊற்றி மூடிப் பத்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டுக் கொதிக்கும் சூப்பை விளிம்புவரை ஊற்ற வேண்டும். பாதி காலியாக இருந்தால் சீக்கிரம் ஆறும். மூடியின் மரை ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு மூடுங்கள், இல்லையென்றால் உறைந்து பிடித்துக்கொள்ளும். உருட்டிக் கடிக்கும் பெரிய துண்டுகள் இல்லாமல் மசித்த சூப் என்றால் ஸ்பூனே வேண்டாம், அப்படியே குடித்துவிடலாம்.

உட்காரும் இடம் முக்கியம். மேலே 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவு இருந்தால், அது சரிந்தால் வந்து சேரும் பாதையில் உட்காரக் கூடாது. நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருந்தாலும் சரிதான், மேலே பாருங்கள். முகட்டில் என்றால் காற்று குவித்து வைத்த பனி விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி. நின்றவுடன் முதல் வேலை டவுன் ஜாக்கெட், சாப்பாடு இரண்டாவது. குளிர ஆரம்பித்த பிறகு போட்டால் அது சூடாக்க நேரம் எடுக்கும். பையின் மேல் உட்காருங்கள், பனியின் மேல் வேண்டாம்.


தெற்குச்சரிவு எழுதியது:

எனக்கு டைப் 1 சர்க்கரை நோய். டூரிங் போகிறவர்களில் என்னைப் போன்றவர்கள் இதைப் படிக்கலாம் என்பதால் எழுதுகிறேன். குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் மற்றவர்களுக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

இன்சுலின் ஒரு தடவை உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது, உருகிய பிறகும் கூடாது. ஆகவே என் இன்சுலின் பேனா உடம்பை ஒட்டிய உள்ளாடைப் பாக்கெட்டில்தான் இருக்கும், முதுகுப்பைக்குப் போவதே இல்லை. சர்க்கரை பார்க்கும் மீட்டரும் அப்படியே; கடுங்குளிரில் அது அளவுக்குப் பதில் பிழைச் செய்திதான் காட்டும். தோலில் சர்க்கரை அளக்கும் சென்சார் போட்டிருப்பவர்கள், அதைப் படிக்கும் கைபேசி பீக்கனிலிருந்து தள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டில் நான் இரண்டு வகை பிரித்து வைப்பேன். மற்ற எல்லோரும் தின்பது போல மணிக்கணக்கில் கொறிப்பது ஒன்று. சர்க்கரை இறங்கினால் மட்டும் தொடுவது இன்னொன்று: குளுக்கோஸ் மாத்திரைகள். மாத்திரை எந்தக் குளிரிலும் மென்றால் பொடியாகிவிடும், ஜெல் போல இறுகாது. 15 கிராம் தின்று, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது வழக்கமான முறை. வெவ்வேறு பாக்கெட்டில் இரண்டு டியூப். ஒன்று என் கூட வருபவரிடம்.

இதை எதற்காகப் பொது இடத்தில் சொல்கிறேன் என்றால், சர்க்கரை இறங்கியவரும் உடல் வெப்பம் இறங்கியவரும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருப்பார்கள். பேச்சு குழறும், கால் தடுமாறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் எரிச்சல் வரும். சர்க்கரை நோய் இல்லாதவர்களிடமும் இது நடந்தால் காரணத்தை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். விழுங்கும் நிலையில் இருந்தால் இனிப்பு கொடுங்கள், ஜாக்கெட் போடுங்கள், காற்றில்லாத இடத்துக்கு நகருங்கள். எதுவாக இருந்தாலும் இந்த மூன்றும் கெடுதல் செய்யாது.

இன்னொன்று, நாள் முழுக்க ஏறி இறங்கிய அன்றிரவு தூக்கத்தில் சர்க்கரை இறங்க வாய்ப்பு அதிகம். மருந்தளவை எப்படி மாற்றுவது என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.


பனித்தடம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஃப்ரீசர் சோதனையை நேற்றிரவே செய்துவிட்டேன். நான் வழக்கமாக வாங்கும் பார் தேறவில்லை. ஓட்ஸும் கடலை வெண்ணெயும் தேனும் கலந்து உருண்டை பிடித்து வைத்தேன், அது தேறியது. கையுறையோடு பிதுக்கி மூடும் பையைத் திறக்கவே முடியவில்லை. ஸ்லைடர் பை வாங்கியாயிற்று.

இப்போதைய திட்டம்: கடலை வெண்ணெய் ரொட்டித் துண்டுகள், ஓட்ஸ் உருண்டை, உப்பு உருளைக்கிழங்கு, சீஸ், பேரீச்சம்பழம், கறுப்புச் சாக்லேட். நால்வரில் இருவர் சூப், இருவர் டீ என்று ஃபிளாஸ்க்கைப் பிரித்துக்கொள்கிறோம். அடுப்புக்காரர் சம்மதித்துவிட்டார்.

இன்னும் சில சந்தேகங்கள். அவித்த முட்டை எடுத்துப்போகலாமா? டீயா, காபியா, வெந்நீரா? உடம்பைச் சூடாக்குவதில் எது மேல்? தண்ணீர் தீர்ந்தால் பனியைத் தின்னலாமா? ரிசர்வ் 600 என்றீர்களே அக்கா, அதில் என்ன வைப்பது?


வெண்முகடு எழுதியது:

அடுப்புக்காரரிடம் என் அன்பைச் சொல்லுங்கள் தம்பி. ஊசியிலை சொன்ன கால் மணி நேர நிறுத்தத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். முகத்தைப் பார்க்கும் விஷயம் நியாயமானது. ஆனால் அந்த நிறுத்தத்துக்காகப் பசியைச் சேர்த்து வைக்காதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் அலாரம் அடித்தபடிதான் இருக்க வேண்டும்.

முட்டை: உறைந்தால் வெள்ளைக்கரு ரப்பராகி நீர் விடும். உள்பாக்கெட்டில் வைத்து முதல் இரண்டு மணி நேரத்தில் தின்பதானால் சரி. ஓட்டை வீட்டிலேயே உரித்து, உப்பும் மிளகும் போட்ட ஜிப் பையில் புரட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் உரிக்க வேண்டாம், ஓட்டுத் துண்டைப் பனியில் போடவும் வேண்டாம். ஆரஞ்சுத் தோல், பிஸ்தா ஓடு எல்லாவற்றுக்கும் இதுதான். பனி உருகும்போது நாம் உட்கார்ந்த இடமெல்லாம் அவை வெளியே வந்து கிடக்கும். விலங்குகளும் மோப்பம் பிடித்து வரும். குப்பைக்குக் காலிப் பை ஒன்று இருக்கட்டும்.

சூடான பானம்: இதில் ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். அரை லிட்டர் டீ 60 டிகிரியில் குடித்தால், அது 37 டிகிரிக்கு ஆறும்வரை உடம்புக்குத் தரும் வெப்பம் ஏறத்தாழ 12 கிலோ கலோரி. அதே டீயில் கரைத்த 30 கிராம் சர்க்கரை 120 கிலோ கலோரி. பத்து மடங்கு. அதனால் டீயா காபியா என்பது உங்கள் விருப்பம், சர்க்கரை மட்டும் கைதாராளமாக விழட்டும். சூட்டின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது: சூடாக இருந்தால் குடிக்கத் தோன்றும், அப்படியாவது நீர் உள்ளே போகும். வறண்ட குளிர்காற்றில் மூச்சோடு போகும் ஈரம் கொஞ்சமல்ல. மது மட்டும் வேண்டாம். தோலுக்கு ரத்தத்தை இழுத்துச் சூடு ஏறியது போலக் காட்டும். உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே போய்விடும்.

பனியைத் தின்பது: அவசரத்துக்கு ஒரு பிடி வாயில் போடுவதால் ஒன்றும் ஆகாது. அதை நம்பித் தண்ணீரைக் குறைத்து எடுத்துப்போவதுதான் கூடாது. ஒரு கிலோ பனியை உருக்கி உடல் வெப்பத்துக்குக் கொண்டுவர 117 கிலோ கலோரி வேண்டும். ஏற்கெனவே குளிர்ந்து களைத்திருப்பவரிடம் அதைக் கேட்பது அநியாயம். பாட்டில் பாதியானதும் அதில் கொஞ்சம் சுத்தமான பனியைப் போட்டுக் குலுக்கி, ஏறும்போது பைக்குள் முதுகை ஒட்டி வைத்தால் கரைந்து அளவு கூடும். முழுக்கக் காலியான பிறகு செய்தால் கரையாது.

ரிசர்வ்: 100 கிராம் பாதாம் கிட்டத்தட்ட 600 கிலோ கலோரி. எடைக்கு அதுதான் சிக்கனம், மாதக்கணக்கில் கெடவும் செய்யாது. ஆனால் ரிசர்வைத் திறக்கும் நேரத்தில் ஒருவருக்கு உடனே சர்க்கரையும் தேவைப்படும். அதனால் பாதியைக் குளுக்கோஸ் மாத்திரையும் உலர் திராட்சையுமாக வையுங்கள். தெற்குச்சரிவு சொன்ன அதே மாத்திரைதான். நான் அதைத் தனிப் பையில் கட்டி, டேப் ஒட்டி, முதலுதவிப் பொட்டலத்துக்குள் வைத்திருக்கிறேன், சாப்பாட்டோடு வைப்பதில்லை. சாப்பாட்டோடு இருந்தால் கை போய்விடும். ரொம்பப் பிடித்த பண்டத்தை அதில் வைக்காதீர்கள், அதே காரணம்தான். வண்டிக்குத் திரும்பும்வரை டேப் பிரியாமல் இருந்தால் அடுத்த டூருக்கு அப்படியே போகலாம்.

நால்வருடைய ரிசர்வையும் ஒருவர் பையில் சேர்த்து வைக்காதீர்கள். ஆளுக்கொன்று, அவரவர் பையில். பிரிய நேர்ந்தால் ஒருவர் வெறுங்கையோடு நிற்கக் கூடாது.


ஊசியிலை எழுதியது:

ஒன்று சேர்க்கிறேன். வண்டியிலும் கொஞ்சம் சாப்பாடும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றியதும் தின்ன. வண்டி ஓட்டப் போகிறவர் கட்டாயம் தின்ன வேண்டும். தண்ணீர் பாட்டிலை முக்கால்வாசி மட்டும் நிரப்புங்கள், உறைந்து விரிந்தாலும் வெடிக்காது.


பனித்தடம் எழுதியது:

சரி, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். வெள்ளி இரவு நால்வரும் ஒரே வீட்டில் கூடிக் கட்டப்போகிறோம். உருளைக்கிழங்கை மட்டும் சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு வேகவைத்துக்கொள்கிறோம் அக்கா, கிளம்பும்போது சூடு இருக்கும்.